சத்தம் ஆகாதவள்

ஒரு தடவை சொல்லியாயிற்று. அதையே இன்னொரு தடவை சொல்வதற்கு எதற்கு இவ்வளவு கூச்சம்? முதல் தடவைதானே கடினமாக இருக்க வேண்டும். அதுகூடக் கடினமாக இல்லை. தானாக வாயில் வந்து நின்றது.

பெரியதாழையிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் கரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிளாரன்ஸ் இதையே தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். உலகச் சண்டை முடிந்து மறு வருஷம் அது. பஸ்ஸுக்கு இன்னும் பெட்ரோல் கிடைக்கவில்லை. அடுப்புக்கரிப் புகையில் இருமிக்கொண்டே ஓடியது. வெளியே உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் குத்தின. துக்கத்துக்குக் கட்டிய கறுப்புச் சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் அவளுடைய மாமியார் மரியந்தாள், மடியில் ஜெபமாலையை வைத்துக்கொண்டு, உருட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எந்தப் பக்கம் வலிக்குன்னு சொன்னான்?" என்று மாமி கேட்டாள்.

"இடது பக்கம், மாமி."

"கையிலயும் இறங்குச்சாமா?"

பிளாரன்ஸ் தலையாட்டினாள். முன்பு கேட்டபோது கையில் வலியில்லை என்று சொன்னதாக ஞாபகம். மாமி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் பொய்யைப் பிடிப்பதற்காகக் கேட்கவில்லை. மகனுடைய கடைசிக் காலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் பிளாரன்ஸ் புதிதாக ஏதாவது கொடுத்தாள். வலி, வியர்வை, எச்சிலில் ரத்தம். மாமி எல்லாவற்றையும் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உப்பை வறுத்து ஒத்தடம் குடுத்திருப்பேனே," என்றாள்.

பாஸ்கலைப் பெட்டியில் வைத்தபோது மாமி அதைச் செய்தே விட்டாள். சமையலறைக்குப் போய் உப்பை வறுத்து, துணியில் சிறு முடிச்சாகக் கட்டிக்கொண்டு வந்து, செத்துக் கிடந்த மகனின் இடது மார்பில் வைத்தாள். சுற்றி நின்ற பெண்கள் அழுதார்கள். பிளாரன்ஸ் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாஸ்கலுக்கு வாழ்நாளில் நெஞ்சு வலித்ததே கிடையாது.

பாஸ்கல் சங்கு குளிப்பவன். கடலுக்கடியில் மூச்சை அடக்கிக்கொண்டு சங்கு பொறுக்குகிறவன். அந்தத் தொழிலில் ஒருவனுடைய உயிர் இன்னொருவனுடைய கையில் இருக்கிறது. குளிக்கிறவன் ஒரு கனமான கல்லின்மேல் காலை ஊன்றி அடியில் இறங்குவான். கல்லை உடனே மேலே இழுத்துவிடுவார்கள். இடுப்பில் கட்டிய கயிறு மட்டும் தோணியில் இருப்பவனுடைய கையில் இருக்கும். மூச்சு முட்டியதும் கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டி இழுப்பான். மேலே இருப்பவன் அவனைத் தூக்கிவிட வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவன் பெரும்பாலும் மனைவியின் கூடப்பிறந்தவன்தான். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்ற நம்பிக்கை.

பாஸ்கலின் கயிறு பிளாரன்ஸின் அண்ணன் வில்பிரட்டின் கையில் இருந்தது.

குளிக்கிறவன் கயிற்றோடு செத்துப்போனால் அந்தக் கரையில் ஒரு முறை உண்டு. கயிற்றைக் கொண்டுவந்து ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வைப்பார்கள். செத்தவனுடைய மனைவி அதைக் கையில் எடுத்து, 'கயிறு இழுபடவில்லை, இவன் கையில் குற்றமில்லை' என்று மாதாவின் பேரில் சத்தியம் பண்ணி, அவனிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவன் மறுபடியும் தோணி ஏறலாம். கொடுக்காவிட்டால் எந்தத் தோணியும் அவனை ஏற்றாது. அவன் பிள்ளைகளுக்குப் பெண் கேட்டும் யாரும் வர மாட்டார்கள்.

இன்று மத்தியான மணி அடித்ததும் பிளாரன்ஸ் அதைச் செய்ய வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாமி மாதா கோயிலுக்குப் போய்விட்டாள். பிளாரன்ஸ் கடற்கரைச் சந்துகளின் வழியே அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். வில்பிரட் ஒரு சங்கு வியாபாரியின் பண்டகசாலைக்குக் காவலாக, அதன் முன்கட்டிலேயே குடியிருந்தான். டச்சுக்காரன் காலத்துக் கட்டடம். சுவர்கள் ஒரு ஆள் படுக்கிற அகலம். உப்புக்காற்றில் காரை உதிர்ந்து உள்ளே இருந்த பவளக்கல் பல்லைக் காட்டியது. சந்து திரும்பும்போதே சங்குக்குள் அழுகும் சதையின் நாற்றம் வந்துவிடும். அதற்கும் முன்னாலேயே அண்ணன் மனைவி ஹில்டாவின் குரல் வந்துவிடும். ஹில்டா வீட்டுக்குள் பேசினால் தோணித்துறையில் இருக்கிறவன் பதில் சொல்லலாம் என்று பாஸ்கல் கேலி செய்வான்.

இன்று நாற்றம் வந்தது. குரல் வரவில்லை.

கதவைத் திறந்த ஹில்டா விரலை உதட்டில் வைத்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. "மெல்ல வா ளா. கதவைச் சாத்தும்போது சத்தம் வேண்டாம்," என்று காதோரம் சொன்னாள்.

அடுக்களையில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். பிளாரன்ஸ் உப்பு மரவையில் கையை விட்டாள். கடற்கரை வீட்டில் உப்பு எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். விரலால் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். இந்த உப்பு விரலிடுக்கில் மணலாக ஓடியது. பொடிப்பொடியாக, சூடாக, எங்கோ மழையே காணாத இடத்தில் கிடந்ததுபோல.

ஹில்டா அதைப் பார்த்தாள். "ஒரு மாசமா அப்படித்தான் இருக்கு. துணி காய்ஞ்சு முறியுது. தண்ணிப் பானை அடியில ஈரமே இல்லை."

பிறகு கிசுகிசுப்பாக, நிறுத்தி நிறுத்தி, மற்றதையும் சொன்னாள். வில்பிரட்டுக்குப் பகலில் கண் தெரிவதில்லை. சூரியன் ஏற ஏற மங்கி, உச்சிப்பொழுதில் முழு இருட்டு. விளக்கு வைத்த பிறகு தானாகத் திரும்பி வருகிறது. டாக்டர் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒன்றுமில்லை என்றார். வெளியே யாருக்கும் தெரியாது. இன்று கோயிலுக்கு அவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகப் போகிறாள். துக்கத்தில் நடை தளர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"கப்பல்ல கொண்டாந்தானே, அந்தக் கல்லைத் தூக்கி எறியச் சொன்னேன். தொட விடமாட்டேங்கான்," என்றாள். "நீ கயிறைக் குடுத்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்னு சொல்லுதான். குடுத்துருவேல்லா?"

பிளாரன்ஸ் கஞ்சியைக் குடித்தாள்.

கொடுக்கத்தான் வந்திருக்கிறாள். கூடப்பிறந்தவனைக் காப்பாற்றத்தான் கடற்கரை மணலில், பாஸ்கலின் உடம்பைத் தோணியிலிருந்து இறக்கி வைத்த இடத்தில், எல்லாரும் 'என்ன நடந்தது' என்று வில்பிரட்டை நெருக்கியபோது, அவள் வாயைத் திறந்தாள். 'காலையிலேயே நெஞ்சு வலிக்குன்னு சொன்னாரு. போகாதீகன்னு சொன்னேன், கேக்கலை.' கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. நோயை மறைத்துக் குளிக்க இறங்கியவன் அடியிலேயே மூச்சு நின்று செத்திருக்கிறான். கயிற்றை இழுக்க அவனுக்கு நேரமே இருந்திருக்காது. செத்தவன்மேல் குற்றம். கதை முடிந்தது.

அண்ணனுக்காகச் சொன்னேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது உண்டு. அது முழு உண்மையில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் வில்பிரட் கப்பல் வேலைக்குப் போய்விட்டபோது, பாஸ்கலின் கயிற்றை சூசை என்ற வயதான உறவினர் ஒருவர் பிடித்தார். பேசாத மனுஷர். கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்கமாட்டார். வில்பிரட் திரும்பி வந்ததும், கயிற்றை அவனிடம் கொடுக்கச் சொல்லி பாஸ்கலை நச்சரித்தவள் பிளாரன்ஸ்தான். என் கூடப்பிறந்தவன் இருக்கும்போது இன்னொருவன் பிடித்தால் ஊர் என்ன சொல்லும் என்றாள். பாஸ்கல் யோசித்தான். உன் அண்ணன் வாய் ஓயாதவன், கயிறு பிடிக்கிறவனுக்கு அது ஆகாது என்றான். அவள் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் சூசையிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

வில்பிரட்டின் கையில் குற்றம் என்றால், அந்தக் கையில் கயிற்றை வைத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் மணலில் அந்த வார்த்தை அவள் வாயில் வந்தது. கணவனின் உடம்பு நனைந்து கிடக்கிறது. அவள் தன் மானத்தைப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கான். உள்ளே போ," என்றாள் ஹில்டா.

பண்டகசாலைக்குள் ஜன்னல்கள் கிடையாது. கூரையோரம் இரண்டு சின்னத் துவாரங்கள் வழியே வெயில் கம்பியாக இறங்கியது. இரண்டு பக்கமும் சங்குக் குவியல்கள் ஆள் உயரத்துக்கு. நடுவில், ஒரு சாக்கின்மேல், வில்பிரட் உட்கார்ந்திருந்தான். கண்கள் திறந்திருந்தன. அவள் வந்த திசைக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பிளாரியா?"

"ஆமாண்ணே."

"இங்கன வந்து உக்காரு."

உட்கார்ந்தாள். அவனுக்குப் பக்கத்தில் அந்தக் கல் இருந்தது.

அவள் அதை முன்பு ஒரே ஒரு தடவை, தோணியில், தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். எகிப்து தேசத்திலிருந்து அவன் கொண்டுவந்தது. கீழே அகன்று மேலே குறுகிய, மஞ்சள் பூத்த கல். தலைப்பக்கம் ஒரு துளை. குளிகல்லுக்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கிறது என்று அவன் அந்தத் துளையில் கயிற்றைக் கோத்து பாஸ்கலின் காலுக்குக் கொடுத்திருந்தான். வேறு யாருக்கும் அப்படித் தோன்றியிருக்காது. இந்தக் கரையில் கனமான ஒரு கல்லைப் பார்த்தால், அதில் துளையும் இருந்தால், அது கடலில் இறங்குவதற்குத்தான்.

கல்லின் முகப்பில் ஒரு பாம்பு சுருண்டு எழுந்து நின்றது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெண்ணின் முகம். மூக்கு சிதைந்திருந்தது. இரண்டு பக்கமும், தலையிலிருந்து விலகி, தனித்தனியாகக் காதுகள் செதுக்கப்பட்டிருந்தன. வாய் இறுக மூடியிருந்தது.

பாஸ்கல் அந்தக் கல்லைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறான். அடியில் இறங்கினால் காதுக்குள் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும், சொந்த ரத்தம் ஓடுகிற சத்தம். இந்தக் கல்லோடு இறங்கினால் அதுகூட இல்லை என்றான். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, பேசாதே என்று கையமர்த்துகிற மாதிரி இருக்கிறது என்றான். வேறு கல்லை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லவில்லை. அண்ணன் ஆசையாகக் கொடுத்தது.

"இவ பேரு மெரெத்செகர்," என்றான் வில்பிரட். குரல் வறண்டிருந்தது. "சத்தம் ஆகாதவள்னு அர்த்தமாம். பேசாம இருக்கிறதுதான் இவளுக்குப் பிடிக்குமாம்."

பிறகு அவன் சொன்னான். பட்டாளத்துச் சாமான் இறக்க லாரியில் போன இடத்தில், பழைய ராஜாக்களைப் புதைத்த ஒரு மொட்டை மலை இருந்தது. புல் பூண்டு இல்லை, காக்கை குருவி இல்லை. அந்த மலைதான் அவள் என்று ஒரு கிழவர் சொன்னாராம். பெரிய தெய்வங்களுக்குக் கட்டின மாதிரி பெரிய கோயில் அவளுக்குக் கிடையாது. கல்லறை வெட்டிய கூலிக்காரர்களுடைய தெய்வம். யாராவது அவள் இருக்கும் இடத்தில் பொய்ச்சத்தியம் பண்ணினால் பார்வையை எடுத்துவிடுவாள்; பகலிலேயே இருட்டாகிவிடும். தப்பை ஒத்துக்கொண்டால் குளிர்ந்த காற்றாகத் திரும்பி வருவாளாம். கிழவர் கும்பிட்டுவிட்டுப் போனதும், பாறை மாடத்திலிருந்து வில்பிரட் அந்தக் கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டான். ஊரில் எல்லாரிடமும் கிழவர் பரிசாகக் கொடுத்ததாகச் சொன்னான்.

"அன்னைக்குத் தோணியில இதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றான். "பாஸ்கல் இறங்கிட்டான். கல்லை மேல எடுத்தாச்சு. கயிறு என் கையிலதான் இருக்கு. பயலுவ எல்லாம் கதை கேக்கானுவ. சத்தம் ஆகாதாம், அப்போ நம்ம ஹில்டாவைக் கொண்டுபோய் அந்த மலையில விட்டா இவ ஒரே நாளில மூட்டையைக் கட்டிருவான்னேன். தோணியே சிரிச்சுது."

அவன் கை பக்கத்தில் இருந்த கல்லைத் துழாவியது.

"சிரிக்கும்போதுதான் கயிறு இழுபட்டுது, பிளாரி. நல்லாத் தெரிஞ்சுது. இன்னும் ஒரு வார்த்தைதான் பாக்கி, சொல்லிட்டு இழுக்கலாம்னு இருந்தேன்."

அந்த ஒரு வார்த்தை என்ன என்று அவள் கேட்கவில்லை.

கயிறு இழுபட்டதை அவன் அடக்கத்தன்றே அவளிடம் சொல்லி அழுதிருக்கிறான். சிரிப்பைப் பற்றிச் சொல்லவில்லை. கயிறு இழுபட்டதா இல்லையா என்பது பிடித்திருக்கும் கைக்கு மட்டும்தான் தெரியும். தோணியில் இருந்த மற்றவர்களுக்குச் சிரித்த ஞாபகம்தான் இருக்கும். அவன் மணலில், மாதாவின் பேரைச் சொல்லி, கயிறு அசையவே இல்லை என்று சத்தியம் பண்ணினான். கல் அப்போது தோணியில் கிடந்தது. மறுநாள் உச்சிப்பொழுதில் முதல் இருட்டு வந்தது.

"நீ இன்னைக்கு குடுத்துரு," என்றான். "குடுத்துட்டா இவ போயிருவா."

"ஏன் போவா?"

"ரெண்டு பேர் சத்தியம் பண்ணினா அது நெசமாயிரும்லா."

அவன் அதை நம்பினான். முகத்தில் தெரிந்தது. சின்ன வயதில் திருடிய மாங்காயை அவள் மடியில் ஒளித்துவைத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பானே, அதே முகம்.

பிளாரன்ஸ் கையை எங்காவது வைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. குவியலின் ஓரத்திலிருந்து ஒரு சங்கை எடுத்தாள். சிறு வயதில் இருவரும் செய்வதுபோல, நினைக்காமலே, காதில் வைத்தாள்.

சங்குக்குள் ஒன்றுமில்லை.

வேறொன்றை எடுத்தாள். அதிலும் இல்லை. இரைச்சல் இல்லாத சங்கை அவள் வாழ்நாளில் கண்டதில்லை. அது வெறுமையாகவும் இல்லை. மறுபக்கத்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் சொல்லப்போவதைக் கேட்கக் காத்திருப்பதுபோல இருந்தது.

காதிலிருந்து எடுத்தாள். அந்த அமைதி கூடவே வெளியே வந்தது.

வில்பிரட்டின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் இல்லை.

வெயில் கம்பியில் ஒரு ஈ சுற்றியது. சத்தம் இல்லை.

அழுகிய சதையின் நாற்றம் போய்விட்டது. அதற்குப் பதிலாகச் சுட்ட கல்லின் வாசனை, தண்ணீரே அறியாத ஒரு மண்ணின் வாசனை, மூக்கைக் காயவைத்தது.

எதிர்ப் பக்கத்துக் குவியல் நகர்ந்தது. மேலிருந்து கீழாக, வளைந்து, நீளமான எதுவோ அதன் உள்ளே இறங்குவதுபோல சங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகி, மறுபடியும் சேர்ந்தன. ஒரு பெரிய சங்கு உருண்டு தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது.

உடைந்த சத்தம் கேட்கவில்லை.

எப்போதும் ஈரம் கோத்துக் கிடக்கும் தரையில், கல்லைச் சுற்றி, ஒரு தடம் காய்ந்துகொண்டே வந்தது. வளைந்து வளைந்து, அவள் கால் வரைக்கும்.

அவளுடைய பார்வையின் ஓரங்கள் கறுத்தன. முதலில் குவியல்கள் போயின. பிறகு அண்ணன் போனான். கடைசியில் அந்த முகம் மட்டும் இருந்தது. அதில் கோபம் இருந்திருந்தால் அவள் பயந்து ஓடியிருப்பாள். கோபம் இல்லை. பஸ்ஸில், ஜெபமாலையை உருட்டாமல், 'கையிலயும் இறங்குச்சாமா' என்று கேட்டுவிட்டுக் காத்திருந்த மாமியின் முகத்தில் இருந்த அதே பொறுமை.

எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. ஹில்டா தோளைத் தொட்டபோது நாற்றமும் ஈயும் அண்ணனின் குரலும் ஒன்றாகத் திரும்பி வந்தன.

"மணி அடிச்சாச்சு," என்றாள் ஹில்டா.

பிளாரன்ஸ் மணியைக் கேட்கவே இல்லை.

கோயிலை ஒட்டிய கூடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் சந்தியாகு. சுவரோரம் தோணிக்காரர்கள், சில பெண்கள். பெண்களுக்கு முன்னால், ஒரு பெஞ்சில், மரியந்தாள். வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது. ஹில்டா கணவனின் கையைப் பிடித்து மெல்ல நடத்திவந்து மேசைக்கு எதிரே நிறுத்தினாள். யாரோ ஒருவர், பாவம், ஆளே உருக்குலைந்துவிட்டான் என்றார்.

மேசைமேல் பாஸ்கலின் கயிறு வட்டமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

சந்தியாகு குரலை உயர்த்தாமல் பேசினார். முறை என்னவென்று சொன்னார். அவள் நெஞ்சு வலியைப் பற்றி மணலில் சொன்னதை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அதையே மாதாவின் பேரில் சொல்லி, கயிற்றை அண்ணன் கையில் கொடுத்துவிட்டால் போதும். அவளைப்போல ஒருத்திக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், சீக்கிரம் முடித்துவிடலாம் என்றார். அவர் இரக்கமாகப் பேசியது அவளுக்குக் கூசியது. இந்தக் கூடத்தில் எல்லாருமே அவளிடம் இரக்கமாக இருந்தார்கள்.

"எடுத்துக்கம்மா," என்றார்.

கயிற்றின் ஒரு முனையை எடுத்தாள். கடலில் ஊறிய கயிறு எவ்வளவு காய்ந்தாலும் உள்ளே ஒரு பிசுபிசுப்பு இருக்கும். இது வைக்கோலாகக் காய்ந்திருந்தது. சூடாக இருந்தது.

மாமி முன்னால் குனிந்தாள். இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்திருந்தாள், எதையோ வாங்கிக்கொள்ள வந்தவள்போல. மகனின் கடைசிக் காலை. அதைத்தான் இன்னொரு தடவை கேட்க வந்திருக்கிறாள்.

"அன்னைக்குக் காலையில," என்று பிளாரன்ஸ் ஆரம்பித்தாள்.

குரல் வரவில்லை.

வாய் அசைந்ததை உணர்ந்தாள். தொண்டை அதிர்ந்ததை உணர்ந்தாள். காதுக்கு எதுவும் எட்டவில்லை. வாசலில் காக்கை ஒன்று அலகைத் திறந்து திறந்து மூடியது. சந்தியாகு 'சொல்லும்மா' என்று சொல்லியிருக்க வேண்டும்; உதடு அப்படித்தான் குவிந்தது. சுட்ட கல்லின் வாசனை கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

வெளியே இருந்த வெள்ளை வெயில், விளிம்பிலிருந்து, உள்நோக்கிக் கறுக்கத் தொடங்கியது.

கல் இங்கே இல்லை. பண்டகசாலையில் பூட்டிக் கிடக்கிறது. பிளாரன்ஸ் தனக்குள் இதைச் சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் கயிறு இழுபட்டது.

அலை இழுத்தால் கயிறு சாயும். பாறையில் மாட்டினால் வெட்டும். ஆள் இழுத்தால் அது வேறு. அவளுடைய தகப்பனும் கயிறு பிடித்தவர். குழந்தையாக இருந்தபோது முற்றத்தில் ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, மறுமுனையை இழுத்து இழுத்து வித்தியாசம் காட்டியிருக்கிறார். இது ஆள் இழுத்தது.

மறுமுனை மேசைமேல், சுருளுக்கு நடுவில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் சும்மா கிடந்தது.

மறுபடியும் இழுபட்டது. இந்தத் தடவை கெஞ்சலாக.

யாரும் அதைப் பார்க்கவில்லை. கயிறு இழுபட்டதா இல்லையா என்பது பிடித்திருக்கும் கைக்கு மட்டும்தான் தெரியும். இப்போது அந்தக் கை அவளுடையது. சொல்லிவிட்டு இழுக்கலாம் என்று அண்ணன் நினைத்தானே, அந்த ஒரு வார்த்தை அளவு நேரம் அவளுக்கும் இருந்தது. சொல்லலாம். சொல்லிவிட்டு, கயிற்றை அவன் கையில் வைத்துவிட்டு, பெரியதாழைக்குப் போகும் பஸ்ஸில் மாமியின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். எந்தப் பக்கம் வலித்தது என்று மாமி கேட்பாள். சாகிறவரைக்கும் கேட்பாள்.

பயம் அவளை விட்டு எப்போது போனதென்று தெரியவில்லை. அவமானம் மட்டும் இருந்தது, அடியில் கிடக்கும் கல்லாக, அசையாமல். அதன்மேல் காலை ஊன்றி நிற்க முடிந்தது.

அவளுடைய இன்னொரு கையும் வந்து கயிற்றைப் பிடித்தது.

கூடத்தின் வெளிச்சம் மெல்லத் திரும்பியது. முதலில் மாமியின் விரித்த கைகள். பிறகு மேசை. பிறகு, எதிரே, அவள் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி வெறித்துக்கொண்டு, அண்ணனின் முகம். வெளியே காற்று அசையவில்லை. ஆனாலும் கழுத்தோரம் ஈரமான, குளிர்ந்த காற்று ஒன்று பட்டது.

வில்பிரட் கையை நீட்டினான். உள்ளங்கை இருட்டில் துழாவியது.

"குடு, பிளாரி," என்றான் ரகசியமாக. "எல்லாரும் பாக்காக. குடுத்துரு ளா."

கயிறு மூன்றாவது தடவை இழுபட்டது. அவள் பிடியை இறுக்கினாள்.

"குடுக்க மாட்டேண்ணே," என்றாள் பிளாரன்ஸ்.